பேசும் பட்டன்: நாலு போதும், பதினாறு வேண்டாம்

நாய் முன்னங்காலால் அழுத்தினால் "தண்ணி", "மாடி" என்று நம் குரலிலேயே பேசும் பிளாஸ்டிக் பட்டன்கள் இவை. ரீல்ஸில் ஒரு நாய் ஐந்தாறு பட்டனை வரிசையாகத் தட்டி வீட்டம்மாவிடம் கோபித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ஆர்டர் போடுகிறார்கள். மதுரையில் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதைவிட ஆன்லைனில் வரவழைப்பதே எளிது. நான்கு, எட்டு, பதினாறு என்று செட்டாக வரும். பல செட்டுகளில் பெட்டியில் அச்சடித்த பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் இங்கே பிராண்டு பார்த்துப் பிரிக்கவில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பழக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கு பட்டன் செட் நல்ல பொருள். குரைக்காமல், கதவைப் பிறாண்டாமல், தனக்கு வேண்டியதைக் கேட்க நாய்க்கு ஒரு வழி கிடைக்கிறது. பதினாறு பட்டன் செட்டில் பாதிக்கு மேல் நம் ஆசைக்குத்தான். பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் தாளில் "ஐ லவ் யூ", "சாரி", "சோகம்" எல்லாம் இருக்கும். அவற்றை ஒட்டுவதற்கு முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும்

ஒவ்வொரு பட்டனும் உள்ளங்கை அகலம் இருக்கும். பின்பக்கம் பேட்டரி மூடி, ஸ்பீக்கர் துளைகள், பதிவு செய்யும் சிறு சுவிட்ச். சுவிட்சை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். சொல்லிவிட்டு விட்டுவிட்டால் பதிவாகிவிடும். பெரும்பாலானவற்றில் இருபது முப்பது விநாடி வரை பதியலாம். நமக்குத் தேவை ஒரே விநாடி.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. திருகு போட்ட மூடிக்குள் டிரிபிள் ஏ பேட்டரி போடும் வகையை வாங்குங்கள். வட்டமான பட்டன் செல் போடும் வகை கண்ணில் பட்டால் திருப்பி அனுப்புவதே நல்லது. நாய் அதை விழுங்கினால் உமிழ்நீரும் மின்னோட்டமும் சேர்ந்து சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. டிரிபிள் ஏ-யும் கடித்து ஓட்டையானால் வாயைப் புண்ணாக்கும். குட்டி பல் முளைக்கும் பருவத்தில் இருந்தால் பயிற்சி முடிந்ததும் பட்டனை எடுத்து வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். பதிவு அப்படியே நிற்க வேண்டும். மலிவானவற்றில் சில அழித்துவிடும். ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் புதுக் குரலில் பதிந்துகொண்டிருந்தால் நாய்க்கு அது புதுச் சொல்.

மூன்றாவது, விளிம்பு. நடுவில் அழுத்தினால் எல்லாப் பட்டனும் பேசும். நாய் நடுவிலா அழுத்தும்? சுற்றிலும் நான்கு இடத்தில் ஒரு விரலால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினாலும் பேச வேண்டும். விளிம்பில் அழுத்தும்போது உள்ளே சாய்ந்து மாட்டிக்கொள்ளும் பட்டன் பயிற்சியையே கெடுத்துவிடும், ஏனென்றால் நாய் சரியாகச் செய்தும் பலன் வராது. லாப்ரடார் கையை ஓங்கி அடிக்கும், அதற்குக் கவலையில்லை. நம்மூர் வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த காலால் சும்மா தொட்டுவிட்டு எடுத்துவிடும். அவற்றுக்கு மென்மையாக அழுந்தும் வகைதான் வேண்டும், அல்லது மூக்கால் அழுத்தப் பழக்க வேண்டும்.

நிறத்தில் ஒரு குளறுபடி உண்டு. செட்டில் வழக்கமாக சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் வரும். நாயின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரிக்கும், சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் திணறும். முதல் இரண்டு சொல்லுக்கு நீலமும் மஞ்சளும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம்.

கூடவே தரும் ஃபோம் பலகை மொசைக், டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும். அழுத்தும்போது நகர்ந்த பொருளுக்கு நாய் பயந்தால் மறுபடி பக்கத்தில் வரவே ஒரு வாரம் ஆகலாம். அடியில் ரப்பர் பிடிப்புள்ள மிதியடியைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் நிறுத்துங்கள். மொட்டை மாடியில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உருக்குலையும், பேட்டரி கசியும். சோற்றுக் கிண்ணத்தை ஒட்டியும் வேண்டாம். ஒரு பருக்கை இடுக்கில் விழுந்தால் போதும், எறும்பு குடியேறிவிடும்.

எந்தச் சொல்லைப் பதிவது

வீட்டில் ஏற்கெனவே புழங்கும் சொல்லைத்தான் பதிய வேண்டும். ஆனால் வீட்டில் அப்பத்தா "மாடிக்குப் போவமா" என்பார், பையன் "வாக்கிங்" என்பான், அப்பா விசிலடிப்பார். பட்டன் வாங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் உட்கார்ந்து ஒரே சொல்லுக்கு வந்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாத வீடுகளில்தான் "எங்க நாய்க்கு மண்டையில ஏறல" என்ற புலம்பல் அதிகம்.

ஒலியில் ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள் நல்லது. "பந்து", "பால்" இரண்டும் ஒரே மாதிரி ஒலியில் தொடங்குகின்றன; சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் மனிதருக்கே குழம்பும். "மாடி", "தண்ணி", "பந்து", "வெளிய" என்ற நான்கும் தனித்தனியாக நிற்கும். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தெருவில் கூம்பு ஸ்பீக்கர் பாடாத நேரமாகப் பார்த்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியுங்கள். ரேடியோ அறிவிப்பாளர் குரல் வேண்டாம். தினமும் கூப்பிடும் அதே தொனி வேண்டும். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கப்படுத்திய 13 நாய்களை ஸ்கேன் எந்திரத்தில் அசையாமல் படுக்க வைத்து மூளையைப் பார்த்தார்கள். சொல்லும் பாராட்டு, தொனியும் பாராட்டு என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் இன்பம் உணரும் பகுதி நன்றாக விழித்தது. சொல், தொனி இரண்டையுமே நாய் கவனிக்கிறது.

வெள்ளை நிற ராஜபாளையம் வளர்ப்பவர்கள் செலவழிக்கும் முன் காதைச் சோதியுங்கள். இந்த வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவதுண்டு. நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக்கூடாது, காற்று மேலே படக்கூடாது, நிழல் விழக்கூடாது. காது திரும்பவில்லை என்றால் பட்டன் வேண்டாம், கைச்சைகை பழக்கலாம்.

பழக்கும் முறை

இங்கேதான் பொருளின் தலையெழுத்தே இருக்கிறது. பெட்டியோடு வரும் ஒற்றைத் தாள் "பட்டனை அழுத்தினால் பிஸ்கட் கொடுங்கள்" என்கிற ரீதியில்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படியே செய்தால் எல்லாப் பட்டனும் பிஸ்கட் பட்டன் ஆகிவிடும். "மாடி" என்ற பட்டனுக்குக் கூலி மாடிதான். "தண்ணி"க்குக் கூலி தண்ணீர்தான். கோழித்துண்டு கொடுத்தால் நாய் படிப்பது "எதையாவது அழுத்து, கோழி வரும்" என்ற ஒரே பாடம்.

அழுத்தும் செயலை வேறாகவும், சொல்லின் பொருளை வேறாகவும் பழக்க வேண்டும். அழுத்தப் பழக்க, எதுவும் பதியாத பட்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கையை நீட்டி, நாய் காலால் தொட்டதும் "சபாஷ்" என்று சொல்லி ஒரு துண்டு. வேகவைத்த கோழி, உப்பு மசாலா இல்லாமல், பட்டாணி அளவு. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து துண்டு போதும். அந்த அளவுக்கு அன்றைய சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் சேர்ந்த குழம்புத் துண்டு கூடாது, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உள்ளங்கை தேறியதும் அதில் ஒரு பாட்டில் மூடியை வைத்துத் தொட வையுங்கள், பிறகு மூடியைப் பட்டன் மேல் ஒட்டுங்கள், கடைசியில் மூடியை எடுத்துவிடுங்கள். தொட்டாலே துண்டு, பிறகு அழுந்தினால் மட்டுமே துண்டு. மூன்று முதல் ஐந்து நிமிடம், சோற்றுக்கு முன், காலை வெயில் ஏறுவதற்குள். "சபாஷ்" செயலோடு ஒட்டி விழ வேண்டும். மூன்று விநாடி தாமதித்தால் நாய் அதற்குள் தலையைத் திருப்பியிருக்கும். கூலி தலையைத் திருப்பியதற்குப் போய்ச் சேரும்.

அதே நாட்களில், வேறு நேரத்தில், பேசும் பட்டன். மாடிப்படியின் கீழ் "மாடி" பட்டனை வையுங்கள். நீங்களே அழுத்துங்கள், பட்டன் "மாடி" என்று சொல்லும், உடனே படியேறுங்கள். ஒலி முதலில், பலன் பின்னால், இடையில் ஓரிரு விநாடி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, படியேறிக்கொண்டே அழுத்தினால் ஒன்றும் ஒட்டாது. நாய்களின் உமிழ்நீரை வைத்துப் பழக்கத்தை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் காலத்திலிருந்து தெரிந்த விஷயம் இது. தினமும் போகும் ஒவ்வொரு தடவையும் இப்படியே. ஒரு வாரம் பத்து நாள் ஆனதும் படிக்கட்டில் நின்று பத்து விநாடி சும்மா இருங்கள். நாய் உங்களைப் பார்க்கும், படியைப் பார்க்கும், முனகும். நீங்கள் பட்டனைப் பாருங்கள், சுட்டிக்காட்டலாம். கால் பட்டுப் பட்டன் பேசியதும் அன்றைக்கு மாடியில் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இரண்டாவது பட்டனை எப்போது வைப்பது? முதலாவதைச் சரியான நேரத்தில் பத்துக்கு எட்டு முறை தானாக அழுத்தும்போது. முதல் நாளே நான்கையும் பரப்பி வைத்தால் நாய் நான்கின் மேலும் நடக்கும். எதை மிதித்ததற்கு எது வந்தது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

எங்கே கெடும்

மிக அதிகமாக வரும் புகார்: "ராத்திரி பதினோரு மணிக்கு நாற்பது தடவை அழுத்துது." இதற்கு விடை எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். முப்பது தடவை பேசாமல் இருந்துவிட்டு முப்பத்தோராவது தடவை பொறுக்காமல் மாடிக்குக் கூட்டிப்போனால், முப்பத்தொரு தடவை அழுத்த வேண்டும் என்பதையே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல்தான் லேசில் மறையாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டிய முக்கியமான விஷயம் அது. பலன் வருவது திடீரென்று நின்றால் விலங்கு முதலில் அடங்காது, இன்னும் வேகமாக, இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். பொங்கி வரும்போது அடுப்பை அணைக்காமல் மூடியை அழுத்திப் பிடிக்கிற மாதிரி அந்த நேரத்தில் அதட்டிப் பயனில்லை. "மாடி", "பந்து" பட்டன்களை இரவு ஒன்பது மணிக்கு எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். பட்டன் இருந்தால் பலன் உண்டு, இல்லையென்றால் கிடையாது என்ற சட்டம் நாய்க்குச் சுலபமாகப் புரியும்.

"வெளிய" பட்டனை மட்டும் எடுக்கக்கூடாது. அது மூத்திரம், மலத்துக்கு. எந்த நேரம் அழுத்தினாலும் மதிக்க வேண்டும், ஆனால் சப்பென்று மதிக்க வேண்டும்: சங்கிலி போட்டு, கேட்டுக்கு வெளியே ஒரே இடத்தில் மூன்று நிமிடம், பேச்சில்லை, விளையாட்டில்லை, திரும்பி உள்ளே. வேலை இருந்தால் முடித்துவிடும். ஊர் சுற்றும் ஆசைக்கு அழுத்தியிருந்தால் நாலைந்து நாளில் விட்டுவிடும்.

அடுத்த புகார், பயம். எதிர்பாராமல் தரையிலிருந்து எஜமானர் குரல் வந்தால் சில நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும், குறிப்பாக தீபாவளி வெடியில் நடுங்கும் நாய்கள். பட்டனைத் தடித்த துண்டில் சுற்றி அடுத்த அறையில் ஒலிக்கவிட்டு, ஒலி வந்த உடனே ஒரு கோழித்துண்டு கொடுங்கள். நாய் காதை நிமிர்த்தித் தேட ஆரம்பித்ததும் துண்டை ஒரு மடிப்பு குறையுங்கள், ஓரடி அருகே வாருங்கள். நாய் ஒதுங்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், ஒரு படி பின்னே போங்கள். இங்கே மட்டும் கோழி கொடுக்கலாம். பொருள் பழக்குவது இன்னும் தொடங்கவில்லை.

பகல் முழுக்க வேலைக்குப் போய்விடும் வீட்டில் பலகையைத் தரையில் விட்டுச் செல்லாதீர்கள். பதில் சொல்ல ஆளில்லாமல் அழுத்தி அழுத்தி, பட்டனால் ஒன்றும் ஆகாது என்று நாய் படித்துவிடும். மாலையில் நீங்கள் வந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

இது பேச்சா?

விளம்பரம் "உங்கள் நாயோடு உரையாடுங்கள்" என்கிறது. இதை எவ்வளவு நம்பலாம்?

நாய்க்குச் சொற்கள் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஜெர்மனியில் ரிக்கோ என்ற பார்டர் கோலி இருநூறுக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்ததை 2004ல் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற இன்னொரு பார்டர் கோலிக்கு 1,022 பெயர்கள் தெரிந்திருந்தன. அது ஆண்டுக்கணக்கில், தினமும் பல மணி நேரப் பயிற்சியில் வந்தது. எல்லா நாய்க்கும் வரும் என்று நினைக்க வேண்டாம்.

பட்டன்களைப் பற்றி நேரடியாகவும் ஆய்வு வந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட முதல் ஆய்வில், "வெளியே", "விளையாட்டு" என்ற ஒலிகளுக்கு நாய்கள் பொருத்தமாகவே நடந்துகொண்டன. எஜமானர் வாயால் சொன்னாலும் சரி, முன்பின் தெரியாத ஆள் பட்டனை அழுத்தினாலும் சரி. அதே ஆண்டு இறுதியில் வந்த இரண்டாவது ஆய்வு, 152 நாய்களின் பட்டன்களில் நாய்களும் மனிதர்களும் அழுத்திய 2,60,000க்கு மேற்பட்ட அழுத்தல்களை அலசியது. இரண்டு பட்டன் சேர்த்து அழுத்துவதில் சில ஜோடிகள் தற்செயலைவிட அதிகமாக வந்தன. அதில் ஒரு சுவையான தகவல்: "ஐ லவ் யூ" பட்டனை மனிதர்கள் அழுத்திய அளவுக்கு நாய்கள் அழுத்தவில்லை. ஸ்டிக்கர் தாள் யாருக்கென்று இதிலேயே தெரிகிறது.

இரண்டாவது ஆய்வின் தரவு வீட்டுக்காரர்களே ஆப்பில் பதிந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். "தண்ணி", "வெளிய" என்று சேர்த்து அழுத்தினால் அது வாக்கியம் என்று சொல்லிவிடத் தோன்றும். 1948ல் ஸ்கின்னர் பசித்த புறாக்களுக்குக் கடிகாரக் கணக்கில் தீனி விழும்படி வைத்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் தீனி வரும். ஆனாலும் ஒரு புறா சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. உங்கள் நாய் ஒரு நாள் "தண்ணி"யை மிதித்துவிட்டு "மாடி"யை அழுத்தி மாடிக்குப் போயிருந்தால், மறுநாளும் அந்த வரிசையிலேயே அழுத்தலாம். அதில் இலக்கணம் தேட வேண்டாம். மனிதக் குரங்கினத்திலேயே இந்த ஆசை உடைந்தது: சைகைமொழி பழகிய நிம் என்ற சிம்பன்சியின் பதிவுகளை அலசிய உளவியலாளர் டெரஸ், அதன் சைகைகளில் பெரும்பகுதி ஆசிரியரைப் பார்த்துச் செய்தவையே என்று 1979ல் எழுதினார்.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லாயிட் மார்கன் 1894ல் வைத்த விதி இங்கே கைகொடுக்கும்: எளிய திறனாலேயே விளக்கிவிடக்கூடிய செயலுக்கு உயர்ந்த திறனைக் காரணம் காட்டாதே. அவருடைய டோனி என்ற நாய் கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்து, கேட்டின் கொண்டியைத் தூக்கித் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடும். அன்றைக்குப் பார்த்தவருக்கு அது கொண்டியின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட நாய். மார்கனோ, எத்தனையோ தடவை தவறான இடைவெளிகளில் தலையை விட்டுப் பார்த்துத் தற்செயலாகக் கிடைத்த வித்தை அது என்று ஆரம்பத்திலிருந்தே கவனித்திருந்தார். பட்டனையும் ஆரம்பத்திலிருந்து பார்த்தவர் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிப்பது

நம் நாய் சொல்லைக் கேட்கிறதா, நம் முகத்தைப் படிக்கிறதா? பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தலுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் சோதித்து 1907ல் எழுதினார்: கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அசைந்தது, அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. குதிரைக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. தன் தலை அசைவது அவருக்கே தெரியாது.

நாய் இந்த விஷயத்தில் குதிரையைவிடக் கெட்டிக்காரன். கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில், யாரும் பழக்காத தெருநாய்களில் பல, அறிமுகமில்லாத மனிதர் கைகாட்டிய கிண்ணத்தை நோக்கிப் போயின. தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குப் பட்டன் வராது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் நம் கையை, கண்ணை இவ்வளவு நன்றாகப் படிப்பதால்தான் சோதனையில் நாம் மறைந்திருக்க வேண்டியிருக்கிறது.

முதல் சோதனை எளிது: இரண்டு பட்டன்களை இடம் மாற்றி வையுங்கள். நாய் பழைய இடத்தையே அழுத்தினால் அது இடத்தைப் படித்திருக்கிறது, சொல்லையோ நிறத்தையோ அல்ல. பெரும்பாலான நாய்கள் இங்கே இடறும். அதனால் பட்டன் வீணாகிவிடாது, இடத்தை மாற்றாமல் வைத்திருந்தால் வேலை நடக்கும். ஆனால் "சொல்லைப் புரிந்துகொண்டது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லக்கூடாது.

இரண்டாவது, இரண்டு ஆள் வேண்டும். நான்கு சொல்லுக்கும் நான்கு இடம்: மாடிப்படி, தண்ணீர்க் கிண்ணம், பந்துக் கூடை, கேட். இருபது சீட்டில் ஒவ்வொரு சொல்லையும் ஐந்து தடவை எழுதிக் கலக்குங்கள். ஒருவர் பட்டன்களோடு உள்ளறையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, சீட்டை எடுத்து அதற்குரிய பட்டனை அழுத்துவார். மற்றவர் கூடத்தில் நாயோடு, காதில் இயர்போனில் பாட்டோடு, எந்தப் பட்டன் ஒலித்தது என்று தெரியாமல் இருப்பார். பட்டன் ஒலித்ததும் உள்ளே இருப்பவர் கதவில் கை தெரியக் காட்டுவார். அடுத்த பத்து விநாடியில் நாய் முதலில் எங்கே போகிறது என்று கூடத்தில் இருப்பவர் குறித்துக்கொள்வார். ஒரே நாளில் இருபதும் வேண்டாம், ஒரு நாளைக்கு நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கேட்ட பலனைக் கொடுத்துவிடுங்கள்.

குருட்டாம்போக்கில் இருபதுக்கு ஐந்து சரியாக வரும். எப்போதும் பந்துக் கூடைக்கே ஓடும் நாய்க்கும் ஐந்துதான். ஒன்பது சரியாக வந்தால் அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான், பத்து வந்தால் ஒன்றரைக்கும் கீழே. ஏழு, எட்டு என்றால் இன்னும் இருபது சீட்டு போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

வாங்கவே கூடாத பட்டன்

"வலி" என்று பதிந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தில்தான். "தண்ணி"யைப் பழக்க முடிகிறது, ஏனென்றால் தண்ணீர் நம் கண்ணுக்கும் தெரிகிறது, நாயின் கண்ணுக்கும் தெரிகிறது. வலி நாய்க்குள் இருக்கிறது. அது வந்த நொடியில் நாம் சொல்லைச் சேர்த்துவைக்க வழியில்லை. நடப்பது இதுதான்: நாய் தற்செயலாக அழுத்தும், வீடே ஓடிவந்து தடவிக்கொடுக்கும், அந்தப் பட்டனுக்குப் பொருள் "எல்லோரும் ஓடிவாங்க" என்றாகிவிடும். அதைவிட மோசம், நிஜமாக வலிக்கும் நாளில் அழுத்தாமல் படுத்திருக்கும். நாமும் பட்டன் பேசவில்லையே என்று இருந்துவிடுவோம். சோற்றை மறுப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருப்பது, ஒளிந்துகொள்வது, வெயில் இல்லாமலே இளைப்பது, தொட்டால் உறுமுவது, படியேறத் தயங்குவது: இவற்றைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் போக வேண்டும். "சோகம்", "கோபம்", "சாரி" மூன்றும் இதே ரகம்.

பூனை வைத்திருப்பவர்களும் இதே முறையில் பழக்கலாம். ஒரு நேரத்தில் நாலைந்து துண்டுக்கு மேல் அதற்குப் பொறுமை இருக்காது. பட்டன் மென்மையாக அழுந்தாவிட்டால் எட்டிக்கூடப் பார்க்காது.

வெளியே போகக் கேட்பது ஒன்றுதான் உங்கள் தேவை என்றால் பட்டனே வேண்டாம். மாட்டுக் கயிறு, மூக்கணாங்கயிறு விற்கும் கடையில் ஒற்றைச் சலங்கை வாங்கி, நாயின் மூக்கு உயரத்தில் கதவுப் பிடியிலிருந்து தொங்கவிடுங்கள். மேலே சொன்ன அதே முறை: நீங்கள் ஆட்டுவது, ஒலி, கதவு திறப்பது. பேட்டரி இல்லை, பதிவு அழியாது, அடுப்படியில் இருந்தாலும் கேட்கும். விழுங்க முடியாத அளவு பெரிதாகவும், நாக்கோ நகமோ மாட்டும் வெட்டு இல்லாததாகவும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டுக்கு மேல் கேட்க ஆசையிருக்கும் நாய்க்கு நான்கு பட்டன் செட். பெட்டி வந்த அன்றே நான்கிலும் பேட்டரி போட்டு, விளிம்பு, பதிவு, ஒலியளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒலியளவுக்கு அளவுகோல் இதுதான்: கூடத்தில் ஃபேன் ஓடும்போது அடுத்த அறையில் நிற்பவருக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒன்று சொதப்பினாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செட்டையே மாற்றிவிடுங்கள். பயிற்சி பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பட்டனை மட்டும் மாற்றுவது பெரிய தலைவலி.